தும்பை வைத்தும் தேனீ வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பின்புறம் பத்துக்குப் பதினைந்து அடி வெறும் மண் தரை. அதில் ஆறு வருடமாகத் தும்பை வளர்க்கிறேன். களையைப் போய் யாராவது வளர்ப்பார்களா என்று சிரித்தவர்களே இப்போது விதை கேட்டு வருகிறார்கள். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் மறு மாதமே திரும்பி வந்து நிற்கிறார்கள். முளைக்கவில்லை, முளைத்தது பூக்கவில்லை, பூத்தும் ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

என்னிடம் வந்த புகார்களில் செடிக்கு ஏதோ குறைந்ததால் வந்தவை சிலதான். மிகுந்ததால் வந்தவையே அதிகம்: தண்ணீர் மிகுதி, எரு மிகுதி, நிழல் மிகுதி, மருந்து மிகுதி. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டி நேராக மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.

## தொடங்கும் முன்: அது தும்பைதானா?

இரண்டாம் வருடம் ஒரு நாற்றுப் பண்ணையில் தும்பை விதை கேட்டு வாங்கி வந்தேன். நாற்பது நாளில் இளஞ்சிவப்பாகப் பூத்தது. காசித்தும்பை! பால்சம் என்று விற்கிறார்களே, அதுதான். பெயரில் தும்பை இருக்கிறதே தவிர குடும்பமே வேறு.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். தும்பைத் தண்டு உருளாது; நான்கு பட்டையாக விரலில் தட்டும். இலை குறுகலாக, எதிரெதிராக, சொரசொரவென்று இருக்கும். பூ வெள்ளை, பச்சை உருண்டை ஒன்றிலிருந்து நாலாபக்கமும் நாக்கு நீட்டியதுபோல வெளிவரும். பூ வெளிர் நீலமாகத் தலைகவிழ்ந்து நின்றால் அது கவிழ்தும்பை. அதுவும் நம் மண்ணின் செடிதான், பிடுங்க வேண்டாம். ஆனால் கீழே எழுதியிருப்பது அதற்கானதல்ல.

## அறிகுறி 1: விதை முளைக்கவே இல்லை

விதையைப் புதைத்துவிட்டீர்களா? அவரை விதை போல விரலால் குழி போட்டு உள்ளே தள்ளினால் வராது. மண்ணைக் கிளறி, நனைத்து, விதையை மேலாகத் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும். மேலே மண் மூடத் தேவையில்லை. தண்ணீரைக் குடத்தால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போகும்; கையால் தெளியுங்கள்.

எப்போது தூவினீர்கள்? தை மாதம் சேர்த்த விதையை ஆசைப்பட்டு மாசியில் தூவினேன். ஒன்றும் வரவில்லை. அதே விதையின் மீதியை ஆடி மழைக்குப் பிறகு போட்டபோது எட்டாம் நாளே பச்சை தெரிந்தது. சேலத்தில் ஆடி முதல் ஐப்பசி வரை எப்போது தூவினாலும் வருகிறது. கோடையில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

எறும்பு இழுத்துப் போகிறதா? தூவிய அன்று மாலை குனிந்து பாருங்கள். சாரியாகப் போகும் எறும்பின் வாயில் பழுப்பு விதை தெரிந்தால் தூவிய இடத்தைச் சுற்றிச் சாம்பலால் வளையம் போடுங்கள்.

விதை செத்ததா? இருபது விதையை ஈரத் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். பதினைந்து நாளில் ஐந்துகூட முளைவிடாவிட்டால் விதை வேண்டாம். மழைக்குப் பிறகு ஏரிக்கரையிலும் காலி மனையிலும் தும்பை நாற்று கூட்டமாக முளைத்திருக்கும். நான்கு இலைப் பருவத்தில், வேரோடு மண்ணும் சேர்த்து மாலை வேளையில் பெயர்த்து வந்து நடுங்கள். முதல் வருடம் மூக்கனேரிப் பக்கத்து மனை ஒன்றில், உரிமையாளரிடம் கேட்டு எடுத்து வந்த பதினோரு நாற்றிலிருந்துதான் இன்று என் தோட்டத்தில் நிற்பவை எல்லாம் வந்தன.

## அறிகுறி 2: முளைத்த நாற்று ஒரு வாரத்தில் சாய்கிறது

சாய்ந்த நாற்றை எடுத்து, மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள்.

தண்டு அங்கே நூலாக இளைத்துக் கறுத்திருந்தால் அழுகல். காரணம் தினமும் ஊற்றும் தண்ணீர், அல்லது நெருக்கம். இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்; சாணுக்கு ஒன்று விட்டு மற்றதைக் களையுங்கள். களைய மனம் வராமல் எல்லாவற்றையும் இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

தண்டு கத்தரித்தது போல இருந்தால் நத்தையோ புழுவோ. இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

தண்டு நன்றாக இருக்கிறது, வேரில் மட்டும் புளித்த வாடை என்றால் எருவைச் சந்தேகியுங்கள். நம் ஊரில் ஜவ்வரிசி ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்குச் சக்கை, மலிவாகக் கிடைக்கிறது. மட்காத திப்பியைத் தொட்டியில் கலந்து நட்ட பக்கத்து வீட்டு அக்காவின் நாற்று அத்தனையும் ஒரே வாரத்தில் போயிற்று. தொட்டியைக் கவிழ்த்தபோது கள்ளுக்கடை போல மணத்தது. அந்த மண்ணை வெயிலில் பரப்பி, மூன்று மாதம் கழித்து வேறு செடிக்குப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 3: தளதளவென்று வளர்கிறது, பூ மட்டும் இல்லை

நட்டு ஐம்பது, அறுபது நாள் கழித்தும் உருண்டை கட்டவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

கிள்ளுகிறீர்களா? துளசிக்குக் கதிர் கிள்ளிய பழக்கத்தில் தும்பையையும் நுனி கிள்ளுகிறவர்கள் உண்டு. துளசியில் நமக்கு வேண்டியது இலை. இங்கே வேண்டியது பூ. கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

வெயில் எவ்வளவு? காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை ஒவ்வொரு மணிக்கும் போய், செடி மேல் வெயில் விழுகிறதா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் இடம் மாற்ற வேண்டும். நிழலில் நிற்கும் தும்பையின் கணுக்களுக்கு நடுவே இடைவெளி நீண்டு, செடி எதையோ எட்டிப் பிடிக்கப் போவது போல ஒரு பக்கமாகச் சாயும்.

எரு போட்டீர்களா? நட்டபோது ஒரு கை மட்கிய சாணம் போட்டிருந்தால் அதுவே அதிகம். பஞ்சகவ்யம், மீன் அமிலம், யூரியா என்று ஊட்டினால் இலை கையகலம் ஆகும், பூ வராது. மருந்து ஒன்றுதான்: எல்லாவற்றையும் நிறுத்தி, தண்ணீரையும் மூன்று நாளைக்கு ஒரு முறை என்று குறைப்பது. என் அனுபவத்தில் மூன்று வாரத்தில் உருண்டை கட்டிவிடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் கணக்கு மாறிவிடுகிறது. நாகலூரில் என் அத்தை காபித் தோட்டத்துக்கு உள்ளே, சில்வர் ஓக் நிழலில் தும்பை போட்டு இரண்டு வருடம் ஏமாந்தார். மழைக்கால மூடுபனியில் வெயில் வருவதே அபூர்வம். அதையும் மரம் தடுத்தால் செடி என்ன செய்யும்? மூன்றாம் வருடம் வீட்டு முன்னால், தெற்குப் பார்த்த மண் சரிவில் போட்டார். தண்ணீரும் தேங்கவில்லை, வெயிலும் கிடைத்தது. மலையில் சரிவு கிடைத்தால் தொட்டி வேண்டாம்.

## அறிகுறி 4: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அடி இலை மட்டும் மஞ்சள், மேலே பச்சை: பூக்கத் தொடங்கிய செடியில் இது இயல்பு. விடுங்கள். பூக்கும் முன்பே என்றால் தொட்டியின் அடித் துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.

நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இது சேலத்தின் சொந்த வியாதி. தொட்டியின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளையாகப் படிவு இருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. முதலில் தண்ணீரை மாற்றுங்கள்: மழைநீர், இல்லாவிட்டால் குழாயில் வரும் காவிரித் தண்ணீர். இரண்டு வாரத்தில் புது இலை பச்சையாக வந்தால் வேறெதுவும் வேண்டாம். வராவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), சில துளி எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலை மீது தெளியுங்கள். முதலில் ஒரே செடிக்கு அடித்து மூன்று நாள் பொறுத்து, கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கு.

எல்லாச் செடியும், எல்லா வருடமும், தரையில் நட்டாலும் மஞ்சள்: வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பக்கம், ஜாகீர் அம்மாபாளையம், செட்டிச்சாவடி, கருப்பூர் போன்ற இடங்களில் குடியிருந்தால் மண்ணிலேயே மெக்னீசியம் மிகுந்திருக்கலாம். நனைந்தால் பிசினாக ஒட்டும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. இங்கே ஊகம் பலிக்காது. தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் ஆங்கில வி எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, கலந்து, அரைக் கிலோ எடுத்துக்கொண்டு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். முடிவு வரும்வரை ஜிப்சம், சுண்ணாம்பு எதையும் கொட்டாதீர்கள். அவசரத்துக்குத் தொட்டியில் வேறு இடத்துச் செம்மண் போட்டு வளர்க்கலாம்.

## அறிகுறி 5: பூவெல்லாம் கொட்டிப்போகிறது

"ஏன் கண்ணு, காலையில் பார்த்தால் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறதே, செடிக்கு என்ன நோய்?" என்று எதிர்வீட்டுப் பாட்டி பதறி வந்தார். நோய் ஒன்றும் இல்லை. தும்பைப் பூ அப்படித்தான்; ஒரு நாள் கூத்து. விரல் பட்டாலே கழன்று வரும். சிறு வயதில் அப்படிக் கழற்றி அடியை உறிஞ்சித் தேன் குடித்தவர்தான் அந்தப் பாட்டியும், நினைவுபடுத்தியதும் சிரித்துவிட்டார்.

பூ கழன்ற பச்சைக் கிண்ணத்தைப் பிளந்து பாருங்கள். உள்ளே நான்கு விதை, நான்கு மூலையில் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பல கிண்ணங்கள் வெறுமையாக இருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். மொட்டாகவே உதிர்ந்தால் தண்ணீர்தான்: காய விட்டு, பிறகு வெள்ளமாக ஊற்றியிருப்பீர்கள்.

## அறிகுறி 6: பூ நிறைய இருக்கிறது, தேனீ இல்லை

அதிகம் பேர் வருவது இதற்குத்தான்.

எப்போது பார்த்தீர்கள்? வேலை முடிந்து வந்து மாலை ஆறு மணிக்குப் பார்த்துவிட்டு வரவில்லை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு முதல் பத்தரைக்குள் நாற்காலி போட்டு அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். எதைத் தேட வேண்டும் என்பதும் முக்கியம். பெட்டியில் வளர்க்கும் தேனீ மட்டுமே தேனீ அல்ல. சிவந்த வயிற்றோடு சின்னதாக வருவது கொம்புத்தேனீ. கொசு என்று நினைத்துக் கையால் விரட்டுவீர்களே, கறுப்பாக, அது கொசுத்தேனீ, கொட்டாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒன்று வரும். ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. பூவுக்கு எதிரே அந்தரத்தில் ரீங்காரித்து, நாக்கை நீட்டியபடியே கீழ் உதட்டில் வந்து இறங்கும். இறங்கியதும் பூவின் மேல் உதடு, மயிர் அடர்ந்த குல்லாய் போன்றது, அதன் முதுகில் படியும். இரண்டு நொடி. அடுத்த பூவுக்குப் போகும்போது முதுகில் மாவு பூசியது போலத் தெரியும். கண்ணை எடுத்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.

எத்தனை செடி? ஒரு தொட்டி, ஒரு செடி என்றால் வரவே வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு செடியாவது ஒரே இடத்தில், ஒரு சதுர மீட்டருக்குள் கூட்டமாக நிற்க வேண்டும். வீட்டைச் சுற்றி இங்கொன்று அங்கொன்றாக வைத்தவர்கள் தொட்டிகளை ஒன்றாக நகர்த்திய மறுவாரமே மாற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

வலை போட்டிருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். மாடித் தோட்டத்தில் நாலா பக்கமும் பச்சை வலை கட்டிவிட்டுத் தேனீ வரவில்லை என்று என்னை அழைத்துப் போய்க் காட்டியவர் ஒருவர் அல்ல.

வேறு என்ன பூத்திருக்கிறது? ஏற்காட்டில் மார்ச், ஏப்ரலில் பூ மழை (காபியைப் பூக்க வைக்கும் கோடை மழை) பெய்து காபி வெள்ளையாகப் பூக்கும் நாட்களில் தேனீக்கள் அங்கேதான் இருக்கும். கீழே சேலத்தில் பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும் அப்படி. இது சில நாள் விஷயம். செடியைத் தொடாதீர்கள்.

மருந்து அடித்தீர்களா? தும்பைக்கு அடிக்கவில்லை என்பார்கள். பக்கத்து ரோஜாவுக்கு? அசுவினிக்காக வேரில் போடும் குருணை, இலையில் அடிக்கும் இமிடாகுளோபிரிட் போன்றவை செடி முழுதும் பரவிப் பூந்தேன், மகரந்தம் வரை போகும். அந்த ரோஜாவுக்குப் போய்விட்டு உங்கள் தும்பைக்கு வர தேனீ உயிரோடு இருக்க வேண்டுமே. கடையில் வாங்கிய பூச்செடி எதையும் என்ன அடித்தார்கள் என்று தெரியாமல் தும்பை அருகே வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் தோட்டக்காரரிடம் போய், மருந்து அடிப்பதைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சண்டையாகக் கேட்காமல் ஒரு கூடைக் காயோடு போய்க் கேட்டால் நடக்கும். தெருவில் கொசுவுக்குப் புகை அடித்த பிறகு இரண்டு, மூன்று நாள் வெறிச்சோடிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். பிறகு வரும்.

குடியிருக்க இடம் இருக்கிறதா? நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டி வாழ்வது. முற்றம் முழுதும் சிமெண்ட் போட்டு, மீதிக்கு ஓடு பதித்துவிட்டால் அது எங்கே போகும்? ஒரு முறம் அளவு மண்ணாவது தண்ணீர் படாத இடத்தில், கொத்தாமல் கூட்டாமல் விடுங்கள். பழைய மண் சுவர் இருந்தால் பூசாதீர்கள். அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பிப் பாதி மூழ்கத் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுதான் குடிவரும்.

எல்லாம் சரி, ஆனாலும் இல்லை: காலையில் தெருவில் நடந்து யார் வீட்டு முருங்கையாவது பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் ஒன்றும் பறக்கவில்லை என்றால் குறை உங்கள் தும்பையில் இல்லை. அந்தப் பகுதியிலேயே தேனீ குறைந்திருக்கிறது. சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பக்கம். தொலைபேசியில் கேட்க உழவர் அழைப்பு மையம், 1800-180-1551, கட்டணம் இல்லை. தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பன்னிரண்டு தும்பைக்கு ஒரு பெட்டித் தேனீ என்பது ஒரு படி அரிசிக்கு ஊரையே விருந்துக்கு அழைப்பது.

## அறிகுறி 7: வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது

பஞ்சு போலக் கணுவில் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மீதியை ஈரத் துணியால் துடையுங்கள். இலை மேல் சாம்பல் தூவியது போல இருந்தால் சாம்பல் நோய். பனிக்காலத்தில், நெருக்கமாக நின்றால் வரும். இடைவெளி விட்டு, அந்த இலைகளைக் கிள்ளி எறிந்தால் பெரும்பாலும் அடங்கும். எதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். அதையும் பூ மேல் படாமல், சூரியன் இறங்கிய பிறகுதான்.

## அறிகுறி 8: பூ வர வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன இலை

எள் பயிரிட்டவர்களுக்கு இந்தத் தோற்றம் தெரியும். பூவே இலையாக மாறித் துடைப்பம் போல நிற்கும். இதற்கு மருந்து தேடிச் செலவு செய்ய வேண்டாம். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக்கூடும். பத்துச் செடியில் மூன்றுக்கு மேல் இப்படி ஆனால், ஒன்றைப் பையில் கட்டி மேலே சொன்ன வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

## அறிகுறி 9: தேனீ மிகுந்துபோய்ப் பயமாக இருக்கிறது

பூவில் மேயும் தேனீ சும்மா கொட்டாது. குழந்தைகள் கையால் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலிச் செடியில் கையகலக் கொம்புத்தேன் கூடு என்றால் ஒரு முழம் தள்ளியே நடமாடுங்கள். ஆனால் மாடி முகப்பிலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ முறம் போலப் பெரிய கூடு தொங்கினால் அது மலைத்தேனீ. கல் எறிவது, புகை போடுவது, பெட்ரோல் ஊற்றுவது எதுவும் வேண்டாம். நடமாட்டம் இல்லாத இடமென்றால் விட்டுவிடலாம். பருவம் முடிந்தால் தானே கிளம்பும். மனிதர் புழங்கும் இடமென்றால் தேன் எடுக்கத் தெரிந்தவரை அழையுங்கள். ஆளைத் துரத்திக் கொட்டத் தொடங்கிவிட்டால் தீயணைப்பு நிலையம், 101.

## அறிகுறி 10: தை முடிந்ததும் செடி மொத்தமாகக் காய்கிறது

ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். தும்பை ஒரு பருவச் செடி. காய்வதைப் பார்த்து இன்னும் இரண்டு குடம் ஊற்றுவதில் பயனில்லை. காய்ந்த உருண்டையைச் செய்தித்தாள் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். எள்ளை விடச் சின்னதாகப் பழுப்பு விதை கொட்டும். ஊதித் தூசி போக்கி, காகித உறையில் போட்டு மாதத்தை எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூசணம் பிடிக்கும். பாதிச் செடியைத் தட்டாமல் விட்டால் தானே உதிர்ந்து ஆடியில் தானே வரும்.

காய்ந்த தண்டுகளை உடனே பிடுங்குவதில்லை. அந்தி நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்: நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் நாலைந்து, ஒரே குச்சியைத் தாடையால் கவ்வியபடி வரிசையாகத் தூங்கும். போன வருடம் பங்குனி முதல் வாரம் வரை ஒரு குச்சியில் ஆறு இருந்தன. அந்த ஒரு குச்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கினேன்.